எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே? பாப், ராக் பாடல்களின் ஒற்றுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுப் பாட்டு ஒன்றைக் கேட்டதும் ஏதோ பழைய பாட்டு ஞாபகம் வருகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. நம் நினைவு மெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விதமே அப்படி. ஒரு பாட்டு எந்தச் சுருதியில் பாடப்பட்டது என்பது பெரும்பாலானவர்களுக்கு நினைவில் தங்குவதில்லை. மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் தங்குகிறது. அதனால்தான் கனத்த ஆண் குரலில் கேட்ட பாட்டை ஒரு குழந்தை முணுமுணுத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறோம். ஏமாறுவதும் அதே காரணத்தால்தான். ஏற்ற இறக்கமும் தாளமும் ஓரளவு ஒத்துவந்தாலே போதும், சுரங்கள் வேறாக இருந்தாலும் "இது அதுதானே!" என்று தோன்றிவிடும்.

இரண்டு பாட்டு ஒரே மாதிரி இருக்கிறது என்றால் எது ஒரே மாதிரி இருக்கிறது?

இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். பாதிச் சண்டைகள் இதைக் கேட்காததால் வருபவை.

ஒரு பாப் பாட்டைப் பிரித்துப் பார்த்தால் அடியில் கார்ட்கள் இருக்கும், அதாவது சில சுரங்களை ஒன்றாகச் சேர்த்து மீட்டுவது. அதன் மேல் பாடகர் பாடும் மெட்டு. பக்கத்தில் டிரம்ஸின் பீட்டும் பேஸ் கிட்டாரும். அப்புறம் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன வாத்தியத் துணுக்கு. இதெல்லாம் போக, ஒலியின் தன்மை என்று ஒன்று இருக்கிறது: கிட்டாரின் உறுமல், எதிரொலி, குரலைப் பதிவு செய்த விதம். நாம் "அப்படியே அது மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது பல நேரம் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் சொல்கிறோம். எண்பதுகளின் சிந்தசைசர் ஒலியோடு இன்று ஒரு பாட்டு வந்தால், ஒரு சுரம்கூட ஒட்டாவிட்டாலும் பத்துப் பழைய பாட்டுகள் ஞாபகத்துக்கு வரும்.

என் கணக்கில் மெட்டும் அதன் தாளமும் சேர்ந்து ஒத்துப்போனால் மட்டுமே உட்கார்ந்து பேச வேண்டிய ஒற்றுமை. மற்றதெல்லாம் பெரும்பாலும் பொதுச் சொத்து.

"எல்லாப் பாட்டும் நாலே கார்ட்தான்" என்கிறார்களே, உண்மையா?

எல்லாப் பாட்டும் இல்லை. ஆனால் ஏராளமான பாட்டுகள். மேஜர் ஸ்கேலின் (நம் சங்கராபரணம் மாதிரியான சுர வரிசை) முதல் சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால் ச, ப, த, ம ஆகிய நான்கு இடங்களில் எழும் கார்ட்கள் இவை. சி ஸ்கேலில் சொன்னால் சி, ஜி, ஏ மைனர், எஃப். பீட்டில்ஸின் 'லெட் இட் பி' (1970) முதல் வரி, பாப் மார்லியின் 'நோ வுமன், நோ க்ரை' (1974), யூ2-வின் 'வித் ஆர் வித்தவுட் யூ' (1987), ஜேசன் மிராஸின் 'ஐ'ம் யுவர்ஸ்' (2008) எல்லாம் இந்த வரிசைதான். 'ஆக்ஸிஸ் ஆஃப் ஆசம்' என்ற ஆஸ்திரேலிய நகைச்சுவைக் குழு, இந்த நான்கு கார்ட்களை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே டஜன் கணக்கில் ஹிட் பாட்டுகளை அடுத்தடுத்துப் பாடிக் காட்டி 2009 வாக்கில் இணையத்தில் பிரபலமானது. ஒட்டு எங்கேயும் தெரியாது.

ஏன் இவ்வளவு பிரபலம்? ச, ம, ப மூன்றும் மேஜர் ஸ்கேலின் தூண்கள். அவற்றின் மேல் எழும் மூன்று கார்ட்களிலேயே ஸ்கேலின் ஏழு சுரங்களும் அடங்கிவிடும். இவற்றோடு சேரும் த-வின் மைனர் கார்ட் கொஞ்சம் சோகம் சேர்க்கிறது. சுற்றிவந்து மறுபடியும் முதல் கார்டில் இறங்குவது எளிது, எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம்.

இதே நான்கை த-வில் தொடங்கினால் த, ம, ச, ப என்று ஆகும். க்ரான்பெரீஸின் 'ஸாம்பி' (1994) அந்த வரிசை. 'டெஸ்பசீட்டோ'வும் (2017) அதே வரிசை. ஒன்று குண்டுவெடிப்பில் செத்த பிள்ளைகளுக்காகக் கதறும் ராக் பாட்டு, இன்னொன்று இடுப்பை ஆட்டவைக்கும் நடனப் பாட்டு. இந்த இரண்டையும் யாராவது ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டார்களா? கார்ட் ஒத்துப்போவது எவ்வளவு சின்ன விஷயம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்த மாதிரி வேறு பொதுச் சொத்துகள் உண்டா?

நிறைய. பன்னிரண்டு பார் ப்ளூஸ் முதலில் வரும். மூன்றே கார்ட், பன்னிரண்டு பார் (தாளத்தின் ஒரு சின்ன அளவு) கொண்ட சுற்று. ஆரம்பகால ராக் அண்ட் ரோலில் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது. ஏழு சீர், இரண்டு அடி என்பதற்காக எல்லாக் குறளும் ஒரே குறள் ஆகிவிடாது அல்லவா, அது மாதிரிதான் இதுவும்.

ஐம்பதுகளின் காதல் பாட்டுகளுக்கு ச, த, ம, ப என்று இன்னொரு சுற்று. 'எர்த் ஏஞ்சல்' (1954), 'ஸ்டாண்ட் பை மீ' (1961) இரண்டும் அதுதான். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாக்கெல்பெல் என்ற இசையமைப்பாளரின் 'கேனன்' என்ற இசையில் வரும் கார்ட் வரிசையை லேசாக மாற்றிப் போட்டால் க்ரீன் டேயின் 'பாஸ்கெட் கேஸ்' (1994) வந்துவிடும்.

பீட்டுக்கும் பரம்பரை உண்டு. போ டிட்லி என்ற கலைஞரின் பெயரிலேயே வழங்கும் ஒரு தாளம், பட்டி ஹாலியின் 'நாட் ஃபேட் அவே' (1957), ஜார்ஜ் மைக்கேலின் 'ஃபெய்த்' (1987), யூ2-வின் 'டிசையர்' (1988) என்று முப்பது ஆண்டு பயணம் செய்திருக்கிறது. ரொனெட்ஸின் 'பி மை பேபி' (1963) தொடக்கத்தில் ஹால் ப்ளெய்ன் வாசித்த டிரம்ஸ் துணுக்கும் அப்படித்தான். இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஜீசஸ் அண்ட் மேரி செயினின் 'ஜஸ்ட் லைக் ஹனி' அதை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. அது திருட்டு என்று தோன்றாது, கும்பிடு என்றுதான் தோன்றும்.

அப்புறம் அந்த "வா-ஓ-வா-ஓ". ப, க என்ற இரண்டு சுரங்களுக்கு இடையே குரல் துள்ளித் துள்ளிப் போகும். 2010-ஐ ஒட்டிய பாப் பாட்டுகளில் எங்கே பார்த்தாலும் இதுதான். கேட்டி பெர்ரியின் 'கலிஃபோர்னியா கர்ல்ஸ்' ஓர் உதாரணம். 2016-இல் இதற்கு 'மில்லினியல் ஹூப்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கொஞ்சம் அலுப்பு.

தெரியாமலே ஒருவர் இன்னொருவர் மெட்டைப் போட்டுவிட முடியுமா?

முடியும். நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது.

ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' 1970-இல் வந்தது. ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு 1963-இல் பாடி ஹிட்டான 'ஹி இஸ் ஸோ ஃபைன்' பாட்டின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1976-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரிச்சர்ட் ஓவன் ஓபரா இசையமைக்கத் தெரிந்தவர். அவர் பாட்டை இரண்டு துணுக்குகளாகப் பிரித்தார். நம் சுரத்தில் சொன்னால் முதல் துணுக்கு ப-க-ரி. இரண்டாவது ப-த-ச-த-ச. இரண்டு பாட்டிலும் இந்தத் துணுக்குகள் ஏறக்குறைய ஒரே முறையில் திரும்பத் திரும்ப வருகின்றன. ப-க-ரி என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த இரண்டும் அதே வரிசையில், அதே மாதிரி அடுக்கப்பட்டு, நடுவில் அதே மாதிரி ஓர் அலங்காரச் சுரத்தோடு வரும்போது தற்செயல் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஹாரிசன் வேண்டுமென்றே எடுத்ததாகவும் அவர் சொல்லவில்லை. மனதின் அடியில் கிடந்த பழைய பாட்டு வெளியே வந்திருக்கிறது, ஆனாலும் உரிமை மீறல்தான் என்றார். ஹாரிசன் அந்த வழக்கைக் கிண்டல் செய்து 'திஸ் சாங்' என்று ஒரு பாட்டே போட்டார்.

இந்தப் பயம் இசையமைப்பாளர்களுக்கு எப்போதும் உண்டு. பால் மெக்கார்ட்னி தூக்கத்திலிருந்து எழும்போது 'யெஸ்டர்டே' மெட்டு மனதில் முழுசாக இருந்ததாம். இவ்வளவு சுலபமாக வந்தது தன்னுடையதாக இருக்காது என்று நினைத்து, "இதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?" என்று பார்த்தவர்களையெல்லாம் விசாரித்திருக்கிறார். யாரும் கேட்டதில்லை என்று உறுதியான பிறகுதான் சொந்தம் கொண்டாடினார்.

கார்ட் ஒன்றாக இருந்தால் வழக்குப் போட முடியுமா?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) தொடக்கக் கிட்டார், ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' (1968) வாத்திய இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று 2014-இல் வழக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் புருவம் உயரும். மைனர் கார்டின் அடியில் பேஸ் அரை அரை சுரமாக இறங்கிவருவதுதான் இரண்டுக்கும் பொது. ஆனால் அந்த இறக்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஹென்றி பர்செலின் ஓபராவில் இருக்கிறது. 2016-இல் ஜூரி லெட் செப்பலின் பக்கம் நின்றது, இடையில் மறுவிசாரணை என்றார்கள், கடைசியில் 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பையே உறுதி செய்தது. அந்தக் காலச் சட்டப்படி உரிமைக்காகப் பதிவு செய்யப்பட்டது ஒரு பக்கத் தாள் இசைக்குறிப்புதான், ஒலிப்பதிவு அல்ல. அதனால் 'டாரஸ்' இசைத்தட்டை அப்படியே ஒப்பிடுவதற்காக ஜூரிக்குப் போட்டுக் காட்டவில்லை.

எட் ஷீரனுக்கும் இதே தொல்லை. 'திங்கிங் அவுட் லவுட்' (2014), மார்வின் கேயின் 'லெட்'ஸ் கெட் இட் ஆன்' (1973) கார்ட்களை எடுத்துக்கொண்டது என்று வழக்கு. மேடையில் அவரே ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பாடிய வீடியோவைச் சாட்சியமாகக் காட்டினார்கள். அவர் சாட்சிக் கூண்டில் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினார். 2023-இல் ஜூரி அவரை விடுவித்தது. சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

கார்டும் இல்லை, மெட்டும் இல்லை, 'ஃபீல்' மட்டும் ஒத்தால்?

இங்கேதான் விவகாரம். 'ப்ளர்ட் லைன்ஸ்' (2013), மார்வின் கேயின் 'காட் டு கிவ் இட் அப்' (1977) இரண்டையும் கேளுங்கள். அதே கொண்டாட்டச் சத்தம், அதே மாதிரி தட்டல், உச்சஸ்தாயியில் குரல். ஆனால் மெட்டைத் தனியாக எடுத்துப் பாடிப் பார்த்தால் நீளமாக ஒட்டுகிற இடம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. 2015-இல் ஜூரி மார்வின் கேயின் குடும்பத்துக்குச் சுமார் 74 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, பிறகு அது 53 லட்சமாகக் குறைந்தது, 2018-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. 200-க்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் இந்தத் தீர்ப்பு எல்லோருடைய கையையும் கட்டிப்போடும் என்று நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். நானும் அந்தக் கட்சி. ஒரு காலத்தின் ஒலியை ஒரு குடும்பத்துக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது.

தன் பாட்டையே தான் காப்பி அடித்ததாக யார் மீதாவது வழக்கு வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது! ஜான் ஃபோகர்ட்டி 1970-இல் தன் குழுவுக்காக எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருந்தது. 1984 கடைசியில் தனியாக 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோட்' பாட்டை வெளியிட்டபோது, அது பழைய பாட்டின் நகல் என்று அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. 1988-இல் அவர் கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி, "நான் பாட்டு எழுதினால் என்னை மாதிரிதானே இருக்கும்" என்கிற பொருளில் வாசித்துக் காட்டி ஜெயித்தார்.

ஏழு சுரம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறதாமே?

கிடையாது. ஏழு சுரம், எட்டு பார், ஐந்து நொடி என்று விதவிதமாகச் சொல்வார்கள், எதுவும் சட்டத்தில் இல்லை. எடுத்த பகுதி எவ்வளவு முக்கியமானது என்றுதான் பார்ப்பார்கள்.

ஆஸ்திரேலிய வழக்கு ஒன்றைக் கேளுங்கள். மென் அட் வொர்க் குழுவின் 'டவுன் அண்டர்' 1981-இல் பெரிய ஹிட். அதில் வரும் புல்லாங்குழல் துணுக்கு, 1930-களில் ஓர் ஆசிரியை எழுதிய 'குக்கபுரா' என்ற சிறுவர் பாட்டின் வரி. கால் நூற்றாண்டுக்கு உரிமையாளர் உட்பட யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2007-இல் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் கேள்வியாகக் கேட்டார்கள், அதற்குப் பிறகுதான் வழக்கு. 2010-இல் குழு தோற்றது, 2002-இலிருந்து வந்த ராயல்டியில் 5 சதவீதம் கொடுக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், சிறுவர் பாட்டு மேஜர் ஸ்கேலில் குதூகலமாக இருக்கும், இங்கே அதே சுரங்களுக்கு அடியில் மைனர் கார்ட்கள். பின்னணி மாறினால் மெட்டே மாறிய மாதிரி காதுக்குக் கேட்கும்.

சாம்பிள், இன்டர்போலேஷன், கவர் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. பழைய ஒலிப்பதிவையே வெட்டி ஒட்டினால் சாம்பிள். பதிவைத் தொடாமல் அந்த மெட்டையோ ரிஃப்பையோ புதிதாக வாசித்துச் சேர்த்தால் இன்டர்போலேஷன். முழுப் பாட்டையும் வேறொருவர் பாடினால் கவர்.

சாம்பிள் தகராறில் பிரபலமானது வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபொனி' (1997). ரோலிங் ஸ்டோன்ஸின் 'தி லாஸ்ட் டைம்' (1965) பாட்டை ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசித்த பதிவிலிருந்து எடுத்தார்கள். எழுதியவர் உரிமை முழுக்க மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் போனது. 2019-இல் அவர்கள் இருவருமே அதை வெர்வ் குழுவின் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் 'தி லாஸ்ட் டைம்' பாட்டே ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பாடிய ஒரு கிறிஸ்தவப் பாட்டின் சாயலில் பிறந்தது.

புதுப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் பழைய ஆட்கள் பெயர் ஏன் வருகிறது?

நீதிமன்றத்துக்குப் போவதைவிடப் பெயரைச் சேர்த்துப் பங்கு கொடுப்பது மலிவு. சாம் ஸ்மித்தின் 'ஸ்டே வித் மீ' (2014) கோரஸ், டாம் பெட்டியின் 'ஐ வோன்ட் பேக் டவுன்' (1989) மாதிரி இருந்ததால் பெட்டியும் ஜெஃப் லின்னும் பட்டியலில் சேர்ந்தார்கள். இது தற்செயலாக நடப்பதுதான் என்று பெட்டி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ரேடியோஹெட்டின் 'க்ரீப்' (1992) பாட்டிலும் 'தி ஏர் தட் ஐ ப்ரீத்' எழுதியவர்களின் பெயர் உண்டு. ஒலிவியா ரோட்ரிகோவின் 'குட் ஃபோர் யூ' (2021) வந்த சில மாதத்தில் பாரமோர் குழுவினர் பெயர் சேர்ந்தது.

அதே ரோட்ரிகோவின் 'ப்ரூட்டல்' ரிஃப், எல்விஸ் காஸ்டெல்லோவின் 'பம்ப் இட் அப்' (1978) மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். காஸ்டெல்லோ, தனக்கு ஒன்றுமில்லை, ராக் அண்ட் ரோல் நடப்பதே இப்படித்தான் என்றார். தான் பாப் டிலனின் 1965 பாட்டு ஒன்றிலிருந்து எடுத்ததையும், அதற்கும் முன்னால் சக் பெர்ரி இருப்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். அந்த சக் பெர்ரியின் மிகப் பிரபலமான கிட்டார் தொடக்கம், 'ஜானி பி. குட்' (1958), லூயி ஜோர்டன் குழுவின் 1946 பாட்டு ஒன்றில் கார்ல் ஹோகன் வாசித்ததை ஒட்டியது.

மெட்டுகள் தீர்ந்துபோய்விடுமா?

எட்டு சுரம், பன்னிரண்டு இடம் என்று வைத்தால் 6,871 கோடிக்கு மேல் வரிசைகள் வரும். டேமியன் ரீல், நோவா ரூபின் என்ற இருவர் கணினியில் அத்தனையையும் உண்டாக்கி, 2020-இல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். வழக்குகளைக் கேலி செய்வதற்கு நல்ல யோசனை. ஆனால் அந்தக் கோடிகளில் பெரும்பாலானவை யாரும் பாட விரும்பாத தாறுமாறான வரிசைகள். வாய்க்கு வசதியான, ஒரு தடவை கேட்டால் மனதில் நிற்கிற மெட்டுகள் மிகச் சிறிய பங்கு, எல்லோரும் அங்கேதான் மொய்க்கிறார்கள். நீளத்தையும் தாளத்தையும் கூட்டினால் இடம் தாராளமாக இருக்கிறது.

நான் கவனித்த ஒற்றுமை நிஜம்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் வாத்தியங்களை விட்டுவிட்டு இரண்டு மெட்டையும் "லா லா" என்று முணுமுணுத்துப் பாருங்கள். பாதி ஒற்றுமைகள் இங்கேயே காணாமல் போகும். மிச்சத்துக்கு, மெட்டின் தாளத்தை மட்டும் மேஜையில் தட்டிப் பாருங்கள். கீபோர்டு இருந்தால் இரண்டையும் ஒரே ஸ்கேலுக்குக் கொண்டுவந்து வாசித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. மெட்டு, பாரின் முதல் அடியில் எடுக்கிறதா, தள்ளி எடுக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் முக்கியமாக, இரண்டுக்கும் முந்திய மூன்றாவது பாட்டு ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷஸாம் போன்ற செயலிகள் இதற்கு உதவாது. அவை அதே ஒலிப்பதிவைத்தான் தேடும், சாயலை அல்ல. முணுமுணுத்துத் தேடும் கூகுள் வசதி கொஞ்சம் பரவாயில்லை. இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும் வீடியோக்களை நம்பிவிடாதீர்கள். ஒன்றின் வேகத்தையும் சுருதியையும் மாற்றித்தான் பொருத்தியிருப்பார்கள்.

எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, நண்பர்களுக்குக் கேட்கவே இல்லையே?

ஆளுக்கு ஆள் கவனிப்பது வேறு. டிரம்ஸ் வாசிப்பவருக்கு பீட் காதில் விழும், பாடுபவருக்கு மெட்டு, சிலர் வரிகளைத் தவிர எதையும் கேட்பதில்லை. இன்னொன்று, "இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிராளிக்கும் அப்படியே கேட்கத் தொடங்கிவிடும். எதுவும் சொல்லாமல் புதுப் பாட்டை மட்டும் போட்டுவிட்டு, "ஏதாவது ஞாபகம் வருதா?" என்று கேளுங்கள். அவர்களாகச் சரியான பெயரைச் சொன்னால் உங்கள் காது சரி.

பழகிப் பார்க்க ஒரு ஜோடி சொல்லுங்கள்.

ஜெத்ரோ டல்லின் 'வி யூஸ்ட் டு நோ' (1969), ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976). கார்ட் வரிசை நன்றாக ஒட்டும். ஆனால் முன்னது மூன்று மூன்றாகப் போகும் தாளம், பின்னது நாலு. முதலில் கையால் தாளம் போட்டுக்கொண்டே இரண்டையும் கேளுங்கள், பிறகு பேஸ் சுரங்களை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு தடவை. முதல் தடவை வேறு வேறு பாட்டாகவும், இரண்டாவது தடவை அண்ணன் தம்பியாகவும் கேட்கும்.